பூனை இடது பக்கம்

போர்-ஸ்கேவ், 4 அக்டோபர் 1958

ஏனோரா அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இன்னும் கட்டு பிரிக்கவில்லை. நசுங்கிய மூன்று விரலில் ஒன்று தேறாது என்று டாக்டர் சொல்கிறார். சொன்னபோது சரி என்றேன். அவர்தான் சங்கடப்பட்டார்.

சைக்கிள் கடையைத் திறந்துவிட்டேன். ஒரு கையால் பஞ்சர் ஒட்ட முடியவில்லை. வருகிறவர்கள் தாங்களே ஒட்டிக்கொண்டு போகிறார்கள். சிலருக்குப் பஞ்சரே இல்லை, சும்மா என்னைப் பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள்.

எழுத வந்த விஷயம் இதுதான். நம் படகுச் சங்கத்தின் தலைவர் லெ போஸெக் வந்திருந்தார். பிப்ரவரியில் கோயில் கூடத்தில் வழக்கம்போல எல்லோரும் கோடையில் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டுவார்கள் அல்லவா, இந்த வருடம் முதலில், நாம் படகில் போனபோது நீங்கள் எடுத்த ‘பதினோரு நாள்’ படத்தைப் போட வேண்டும் என்கிறார், மரிவோன் நினைவாக. இருக்கிறது ஒரே சுருள், அது உங்களிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

படம் பிடிக்கும் கருவி நம் படகு ‘பிகோர்னோ’வோடு கடலில் போய்விட்டது. படகில் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. மரிவோனின் மழைக்கோட்டு மட்டும் வீட்டில் ஆணியில் தொங்குகிறது, அன்று அவள் போட்டிருந்தது என்னுடையதை. இதை வேண்டுமா வேண்டாமா என்று எழுதுங்கள்.

கூல்வென்

⁂

ரென், 12 அக்டோபர் 1958

கூல்வெனுக்கு,

படம் வராது.

கோட்டு வேண்டாம். அதை நான் தைத்துக் கொடுத்தேன், எனக்கே திருப்பி அனுப்புவாயா?

நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பஞ்சர் இருக்கிறது, லெ போஸெக் இருக்கிறார், உன் விரல் இருக்கிறது. என் தங்கை எப்படிச் செத்தாள் என்பது மட்டும் இல்லை. அடக்கத்தன்று என் எதிரே நின்றாய், முகத்தைப் பார்க்காமல் உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் அங்கேயே கேட்டிருப்பேன், ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரித்தவர்கள் எனக்கு அனுப்பிய தாளில் ஒரே வரிதான் இருக்கிறது. ‘சுக்கானைப் பிடித்திருந்தவர் மனைவி.’ இந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிட்டதா? பூனைப்பாறை வழியாக நீ முப்பது தடவையாவது போயிருப்பாய். அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. கை நசுங்கினால் கண்ணுமா நசுங்கிவிடும்? மேலே வந்து உட்கார்ந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லக்கூடவா முடியவில்லை?

முழுதாக எழுது. அதுவரை சுருளைப் பற்றிக் கேட்காதே. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன், மரியாதையாக எழுதத் தெம்பு இல்லை.

ஏனோரா

⁂

போர்-ஸ்கேவ், 26 அக்டோபர் 1958

ஏனோரா அக்காவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிளம்பி, பூனைப்பாறைக்குக் கிழக்கே இருக்கிற மணல்திட்டில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம். வேகவைத்த முட்டை, ரொட்டியில் தடவும் இறைச்சி விழுது, தக்காளி. அவள் ஆறு நிமிடம் நீந்தினாள். தண்ணீர் குளிர் என்று வந்துவிட்டாள். நேரம் எப்படித் தெரியும் என்றால், நான்தான் கடிகாரம் பார்த்துச் சொன்னேன்.

நங்கூரத்தைத் தூக்கும்போது சங்கிலி வழுக்கியது. கை சங்கிலிக்கும் இரும்பு உருளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவள்தான் எடுத்துவிட்டாள். பாத்திரம் துடைக்கிற துணியால் இறுக்கிக் கட்டி, என்னைக் கீழே கட்டிலில் படுக்கவைத்து, ஆப்பிள் சாராயத்தை வாயில் ஊற்றினாள். ரத்தம் நிற்கவில்லை.

டாக்டர் இருப்பது மேற்கே லான்-ஏவலில். வெளிக்கடலைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம். பூனை வழியாகப் போனால் அரை மணி. அவள் அரை மணி வழியைத்தான் பிடித்தாள், எனக்காக. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பாறைகள் மூழ்கியும் மூழ்காமலும் இருக்கிற நேரம். வெயில் எதிரே அடித்தது. பாறை மேல் நிற்கிற அந்தக் கல்தூணுக்குப் போருக்குப் பிறகு யாரும் வண்ணம் அடிக்கவில்லை, பறவை எச்சம்தான் வெள்ளையாக வழிந்திருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

கடல் வரைபடம் என் மெத்தைக்கு அடியில் இருந்தது. மடங்காமல் இருக்க எப்போதும் அங்கேதான் வைப்போம். அதன் மேல்தான் நான் படுத்திருந்தேன்.

அவளுக்கு வழி தெரியும் என்றுதான் நினைத்தாள். படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். “பூனை இடது பக்கம், படத்துல இருக்கிற மாதிரி” என்று மேலேயிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தத் தூண் வந்தபோது அதை இடது பக்கம் விட்டு ஓட்டினாள். வலது பக்கம் விட வேண்டும். இடது பக்கம் விட்டால் நேராகப் பாறைதான்.

அப்புறம் சத்தம் வந்தது. கீழே தண்ணீர் வந்தது. கெட்டில் மிதந்ததைப் பார்த்தேன். நான் மேலே வருவதற்குள் பாய்மரத்துக் கட்டை திரும்பி அவளைத் தள்ளிவிட்டிருந்தது. நண்டுக்காரன் படகு என்னைத் தூக்கியது. அவள் மூன்றாம் நாள் கிடைத்தாள், அது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. நடுவில் எழுந்து உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதினேன்.

கூல்வென்

⁂

ரென், 9 நவம்பர் 1958

கூல்வெனுக்கு,

உன் கடிதம் வந்தது.

சுருளை அனுப்புவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். புரொஜெக்டர் விளக்கு எரிந்துபோய்விட்டது. கடைக்காரர் பாரிஸிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார். பொறுத்திரு.

ஒன்று மட்டும் எழுது. “படத்துல இருக்கிற மாதிரி” என்றா சொன்னாள்? அந்த வார்த்தைதானா? நன்றாக யோசித்து எழுது.

ஏனோரா

⁂

போர்-ஸ்கேவ், 30 நவம்பர் 1958

ஏனோரா அக்காவுக்கு,

அந்த வார்த்தைதான். யோசிக்க ஒன்றும் இல்லை, தினமும் காதில் விழுகிறது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இடது கையாலேயே எழுதுகிறேன், பழகிவிட்டது.

லெ போஸெக் மறுபடி வந்தார். படத்தைக் கேட்டார், விளக்கு வரவில்லை என்று சொன்னேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிப்ரவரியில் சங்கம் கூடும்போது ஒரு புது விதி கொண்டுவரப் போகிறார்களாம். பாறை வழிகளில் சுக்கானைப் பெண்கள் பிடிக்கக் கூடாது, கூட ஆண் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் தவிர.

“மனசுல ஒண்ணும் வச்சுக்காதே கூல்வென். இது அவளைக் குத்தம் சொல்றதுக்கில்லை. இன்னொரு வீட்ல இப்படி நடக்கக் கூடாதுன்னுதான்” என்றார்.

காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ரொட்டிக் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததை அவர்கள் பார்க்கவில்லை. ஒருத்தன் தன் பெண்டாட்டி துடுப்பைத் தொட்டால்கூட இனி “மரிவோன் விதி, மரிவோன் விதி”ன்னு கத்தணும் என்றான். சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, இரண்டு பேரும் அவள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். அதற்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எதற்கும் இரண்டு தடவை கேட்கிறவள். தபால் ஆபீசில் ஒரு தந்தியை மூன்று முறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். அவசரக்குடுக்கை என்று இனி ஊருக்கே ஒரு விதியில் அவள் பெயர் நிற்கப்போகிறது. எனக்கு இது தாங்கவில்லை என்று எழுத வேண்டும். ஆனால் தாங்குகிறது. அதுதான் எனக்கே புரியவில்லை.

விளக்கு வந்ததா? படத்தின் கடைசியில் அவள் நண்டுக்காலை உடைக்க முடியாமல் சுத்தியல் தேடுகிற இடம் வருமே, அதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

கூல்வென்

⁂

ரென், 6 ஜனவரி 1959

தம்பி கூல்வென்,

விளக்கு எரிந்துபோகவில்லை. பச்சைப் பொய் சொன்னேன். நவம்பர் ஒன்பதாம் தேதிக்கு முன்னாலேயே படத்தை நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். பார்க்காமலேயே எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்த அன்றே சுருளை வெளியே எடுத்துவிட்டேன்.

நான் சொல்வதை நிதானமாகப் படி.

படம் எடுத்த அந்தப் பதினோரு நாள் பயணத்தில் முதல் மூன்று நாளும் நீயும் நானும் மட்டும்தான் படகில் இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? மரிவோனுக்குத் தபால் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. அவள் நாலாம் நாள் பஸ்ஸில் வந்து லான்-ஏவலில் ஏறிக்கொண்டாள். பூனை வழி மூன்றாம் நாள். நீ சுக்கானில் இருந்தாய், நான் படகின் வலது பக்கம் பார்த்துப் படம் பிடித்தேன். தூண் உன் தோளுக்குப் பின்னால் நகர்ந்து போகும். அழகாக வந்திருந்தது. அந்தப் பன்னிரண்டு நொடி போல நான் வேறு எதையும் எடுத்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கோயில் கூடத்தில் முதல் தடவை போட்டோம். படத்துக்குச் சத்தம் இல்லாததால் மரிவோன் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டே வந்தாள். படம் முழுக்க நம் படகு திரையில் இடமிருந்து வலமாகப் போகிறது. அந்தப் பன்னிரண்டு நொடி மட்டும் வலமிருந்து இடமாகப் போகும். நான் நின்ற பக்கம் அப்படி. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினான். “ஐயய்யோ, கூல்வென் சாப்பாட்டை வீட்ல மறந்துட்டான், திரும்பிப் போறான்!” கூடமே சிரித்தது. மரிவோனும் சிரித்தாள். “அக்கா, உன் படகு வீட்டுக்கு ஓடுது, பிடி பிடி” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு நாள் ஆடும் படகில் முழங்காலை ஊன்றி ஊன்றிப் படம் பிடித்தவள் நான். நாலு மாதம் சமையலறை மேஜையில் வெட்டி ஒட்டியவள் நான். ஒரு கேலியில் போய்விட்டது. படகு எப்போதும் ஒரே பக்கம் போக வேண்டும் என்று படம் எடுப்பவர்களின் பத்திரிகையில் வேறு எழுதியிருந்தார்கள். ரென்னுக்குத் திரும்பியதும் அந்த ஒன்றரை மீட்டரை வெட்டி எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டினேன். நம் சுருளில் துளை நடுவில் இருப்பதால் எப்படித் திருப்பினாலும் கருவி விழுங்கிவிடும். படகு சமர்த்தாக இடமிருந்து வலமாகப் போனது. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் மாறிவிட்டது. தூண் இடது பக்கம் வந்துவிட்டது.

உன் கோட்டின் பொத்தான்கள்கூடப் பெண்கள் கோட்டு மாதிரி மாறியிருந்தன. அதை நான் பார்த்தேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. மூன்று குளிர்காலம் அதைத்தான் போட்டோம். போட்டியில் இரண்டாம் பரிசுகூடக் கொடுத்தார்கள். மரிவோன் அந்த இடம் வந்ததும் கையை நீட்டிச் சொல்வாள், “இதோ நம்ம பூனை, இடது பக்கமா கும்பிடு போட்டுட்டுப் போயிடணும்.” நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. அது எனக்கு வழி இல்லை, படம்.

உன்னை அடக்கத்தன்று சபித்தேன். அக்டோபர் முழுக்கச் சபித்தேன். கண்ணுமா நசுங்கிவிடும் என்று எழுதினேன். அவளுக்குத் தப்பான பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான். ஒரு கேலி பொறுக்காமல் செய்தேன்.

என்ன தண்டனை கொடுப்பதாக இருந்தாலும் கொடு. எனக்கும் அழுகை வரவில்லை. மருந்துக் கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கிறேன், சரியாகத்தான் கொடுக்கிறேன்.

ஏனோரா

⁂

போர்-ஸ்கேவ், 11 ஜனவரி 1959

ஏனோரா அக்காவுக்கு,

தண்டனை கொடுக்க நான் ஆள் இல்லை. அக்டோபரில் எழுதிய கடிதத்தில் நானும் ஒன்றை விட்டுவிட்டேன்.

அவள் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டாள். கீழே குனிந்து, கதவு வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள்.

“கூல்வென், பூனை இடது பக்கம்தானே? படத்துல இருக்கிற மாதிரி?”

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். வந்தது கடல் இல்லை, பெட்ஷீட். கோயில் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துத் திரையாகத் தொங்கவிடுவோமே, அது. அதில் தூண் இடது பக்கம் இருந்தது.

“ஆமா, இடது பக்கம்” என்றேன்.

“நிச்சயமா?” என்றாள். இரண்டாம் தடவையும் கேட்டாள், அக்கா.

“நிச்சயம். கேட்டுக்கிட்டே நிக்காதே, போ” என்றேன்.

முப்பது தடவை போன வழி. சுக்கானைப் பிடித்துக் கண்ணால் பார்த்தால் கை தானாக வலது பக்கம் விட்டுவிடும். அன்று கையும் இல்லை, கண்ணும் இல்லை. கடலில் முப்பது தடவை பார்த்ததைத் திரையில் பார்த்தது அழித்துவிட்டிருக்கிறது. அது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை வலியில் உளறிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

விசாரித்தவர்கள் சுக்கானை யார் பிடித்திருந்தது என்று கேட்டார்கள். மனைவி என்றேன். அது பொய் இல்லை. மேலே ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லெ போஸெக் தாளைப் படித்தபோது சொல்லியிருக்கலாம். ரொட்டிக் கடையில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. காபிதான் கொடுத்தேன்.

அவள் கேட்டாள். நான் சொன்னேன். ஊர் அவள் பெயரைச் சொல்கிறது.

கூல்வென்

⁂

ரென், 25 ஜனவரி 1959

தம்பி கூல்வென்,

உன் கடிதத்தைக் கடை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். கோபம் வந்ததும் எடுத்துப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். பத்து நாள் பார்த்தேன், வரவில்லை. “கேட்டுக்கிட்டே நிக்காதே, போ” என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வந்தது. நானும் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்கிற கேள்விக்கு எல்லோரும் ஒரு நாள் அப்படித்தான் சொல்வோம்.

சுருளை இத்துடன் அனுப்புகிறேன். அந்தத் துண்டைத் திருத்தவில்லை. ஊர் மூன்று வருடம் பார்த்த படத்தையே பார்க்கட்டும்.

ஒன்று செய். அந்த விதியை அவர்கள் வாசிப்பதற்கு முன்னால் படத்தைப் போடு. பிறகு நான் செய்ததைச் சொல். யாரோ ஒட்டியதில் தவறு என்று மழுப்பாதே, ஏனோரா திருப்பி ஒட்டினாள், தெரிந்தே ஒட்டினாள் என்று என் பெயரைச் சொல். நீ சொன்னதையும் சொல். அவள் இரண்டு தடவை கேட்டாள் என்பதைக் கட்டாயம் சொல். இப்போது நம்மால் அவளுக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

நான் வரமாட்டேன். அந்தக் கூடத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருக்கிறதா என்றும் தெரியாது, ஆனாலும் உன்னைத்தான் சொல்கிறேன்.

சுருளின் நடுவில் இரண்டு ஒட்டு தடிப்பாக இருக்கும். அங்கே கருவி சிக்கினால் விரலால் மெதுவாகத் தள்ளிவிடு. இழுக்காதே.

ஏனோரா அக்கா

⁂

போர்-ஸ்கேவ், 17 பிப்ரவரி 1959

ஏனோரா அக்காவுக்கு,

நேற்று முன்தினம், ஞாயிறு மதியம் நடந்தது. கூடத்தின் ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கினார்கள். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஓரத்தில் மெல்லிய தோசை போல க்ரேப் சுட்டுக்கொண்டிருந்தார்கள், வெண்ணெய் வாசம்.

லெ போஸெக் தாளோடு எழுந்தார். முதலில் படம் என்றேன். சரி என்று உட்கார்ந்தார். படம் ஓடியது. பேச மரிவோன் இல்லாததால் கருவிச் சத்தம் மட்டும் கேட்டது. பூனை வந்தபோது, அவள் சொல்கிற இடத்தில், முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் முணுமுணுத்தார்கள், “இடது பக்கமா கும்பிடு போட்டுட்டு.” ஒட்டு சிக்கவில்லை.

நண்டுக்கால் இடம் வந்தது. சுத்தியலைத் தேடினாள், கிடைத்தது, உடைத்தாள். முடிந்தது.

விளக்கைப் போடச் சொல்லிவிட்டு நான் முன்னால் போய் நின்றேன். இங்கே பூனை வழியில் சுக்கான் பிடித்துப் போனவர்கள் யார் யார் என்று கேட்டேன். பதினோரு பேர் கை தூக்கினார்கள். எல்லாம் ஆண்கள்.

“மேற்கே போறப்ப பூனையை எந்தப் பக்கம் விடணும்?” என்றேன்.

“இடது பக்கம்” என்றார்கள். எட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். லெ போஸெக்தான் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் தன் கைகளைப் பார்த்தார். சுக்கானைப் பிடிப்பது போல ஒரு கையை வைத்து, தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“இல்லையே” என்றார். “நான் போறப்ப வலது பக்கம்தானே விடுவேன்.”

அப்புறம் நான் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன், சாப்பாடு மறந்த கேலியையும் சொன்னேன். கேலி செய்தவன் கூடத்தில் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். இரண்டாம் தடவை கேட்டதைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை, திரும்ப ஒரு தடவை சொன்னேன்.

க்ரேப் ஒன்று கருகுகிற வாசம் வந்தது. ரொட்டிக் கடைக்காரர் மனைவி, மதாம் கெரெல், எழுந்து அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு அங்கிருந்தே சொன்னாள்.

“அப்ப அவ கேட்டுட்டுத்தான் போயிருக்கா. நீங்க பதினோரு பேரும் கேட்காமலே பாறையில ஏறியிருப்பீங்க.”

லெ போஸெக் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை வெளியே எடுக்கவே இல்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்தார், நசுங்கிய கை என்பது மறந்துவிட்டது அவருக்கு. எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசாரித்தவர்களுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை மாற்றுவார்களா தெரியாது.

மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு க்ரேப் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அவள் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன், மறுபடி அங்கேயே மாட்டினேன். ஊரில் சிலர் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்கள். அது சரிதான். இப்போது விலக வேண்டியவனைப் பார்த்துத்தான் விலகுகிறார்கள்.

சுருளைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கூல்வென்

⁂

ரென், 1 மார்ச் 1959

தம்பி கூல்வென்,

சுருள் வந்துசேர்ந்தது. கோட்டையும் அனுப்பிவிடு. எனக்கு வேண்டும்.

அந்த ஒன்றரை மீட்டரை நேற்று வெட்டி எடுத்து, சரியான பக்கம் திருப்பி ஒட்டினேன். பசை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சமையலறைச் சுவரில் போட்டுப் பார்த்தேன்.

உன் பொத்தான்கள் சரியாகிவிட்டன. தூண் வலது பக்கம் போகிறது. ஆனால் அந்தப் பின்வரிசைக்காரன் கேலி செய்தது உண்மைதான். முதல் நாள், இரண்டாம் நாள் எல்லாம் படகு இடமிருந்து வலமாகப் போகிறது, மூன்றாம் நாள் அந்த இடத்தில் சட்டென்று திரும்பி வீட்டைப் பார்த்துப் போகிறது. பன்னிரண்டு நொடி. நீ சுக்கானைப் பிடித்துக்கொண்டு எதையும் யோசிக்காமல் போகிறாய்.

அதற்கு அடுத்த துண்டில்தான் லான்-ஏவல் துறை வருகிறது. மரிவோன் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, நம் படகைத் தேடிக்கொண்டு நிற்கிறாள்.

அதுவரை அவள் ஏறவில்லை. அடுத்த துண்டுக்குப் போகவிடாமல் நான் அந்தப் பன்னிரண்டு நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். ஏழாவது தடவை அழுதேன்.

ஏனோரா அக்கா